அக்காவின் செல்கள்

என் அக்காவுக்கு முழங்கால் சில்லு கிடையாது. இரண்டு காலிலும் இல்லை. காலை மடக்கினால் அந்த இடம் மேடில்லாமல் வழவழவென்று இருக்கும். காதுகள் கைக்குழந்தையின் காது அளவோடு நின்றுவிட்டன. முப்பது வயதில் அவள் உயரம் பத்து வயதுப் பிள்ளையின் உயரம். மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மூளை எங்கள் வீட்டில் எல்லோரையும்விடக் கூர்மை. நாக்கு அதைவிடக் கூர்மை.

பீர்மேட்டுக்கு மேலே, ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து, தூசி நெஞ்சில் ஏறி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். அம்மா கொளுந்து எடுத்தாள். அக்கா குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். காலையில் ஜீப், சாயங்காலம் பஸ்.

ஒருமுறை நானும் அவளோடு ஜீப்பில் போனேன். உள்ளே இடமில்லை. டிரைவர் பக்கத்தில் இருந்த ஒருவர் அக்காவை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி, "பாப்பா மடியில உக்காரட்டும்" என்று தன் மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா நிதானமாக அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத் தூக்கி நீரு மடியில வச்சிருக்கீரு. ஒம்ம பொண்டாட்டிய எவன் தூக்கி வச்சிருக்கானோ, ஊட்டுக்குப் போயிப் பாத்துட்டு வாரும்."

அந்த ஆளின் மனைவி ஊரைவிட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜீப்பில் அது எல்லோருக்கும் தெரியும்.  குமுளியில் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இறக்கி விட்டார். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு கடைக்கு நடந்தாள். அவள் அப்படித்தான். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வந்தவர்கள் ரத்தம் சொட்டத்தான் திரும்பிப் போவார்கள்.

வீட்டில் அவள் பேசமாட்டாள். அங்கே பேசுவது அப்பா. "ஒன் வயித்துல எடம் பத்தல. அதான் பிள்ள சுருங்கிப்போச்சு" என்று அம்மாவிடம் சொல்வார். சண்டையில் சொல்கிற பேச்சு இல்லை அது. சோறு போடும்போது, துணி காயப்போடும்போது, விருந்தாளி வந்து காப்பி குடிக்கும்போது, சாதாரணமாகச் சொல்வார். நான் பிறந்து உயரமாக வளர்ந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "மொதப் பிள்ளையில பழகிக்கிட்டா. ரெண்டாவது சரியா வந்துச்சு." வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அம்மா அவருக்கு அக்கா மகள். சின்ன வயதில் அவர் தோளில் ஏறி விளையாடியவள், அவருக்கே வாழ்க்கைப்பட்டாள். அவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். தன் வயிறு சின்ன வயிறு என்று அவள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் தானே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

நான் படித்து, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தேன். என் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பேராசிரியை. டவுனில் பழைய கோயில் தெருக்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். மற்ற மாணவர்களிடம் மலையாளமும் இங்கிலீஷும். என்னிடம் மட்டும் தமிழ். அந்தத் தமிழில் ஒரு தனிச் சௌகரியம் அவருக்கு இருந்தது என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். சேர்ந்த முதல் வாரம் நான் கண்ணாடித் தட்டுகளைப் பிசகில்லாமல் எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு எல்லோர் எதிரிலும் சொன்னார்: "பாருங்கோ, என்ன அழகாப் பண்றா. கொளுந்து கிள்ளின கையாக்கும்."

நான் வாழ்நாளில் ஒரு கொளுந்து கிள்ளியதில்லை. அம்மா விடவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாடம் சொல்வதில் அவருக்கு இணை கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தின் வேலை ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி நடந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏ முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் புரதங்கள் செல்லின் கருவுக்குள் மிதந்துகொண்டு இருக்கின்றன. அவை சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் எப்படி வந்து சேருகின்றன? யார் அழைக்கிறார்கள்?

அவர் வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டுவார். டிஎன்ஏ நூல் நீளமானது. ஒரு முனையில் தொடங்கினால் முடிக்க முடியாது. ஆகவே ஆயிரக்கணக்கான இடங்களில் பிரதியெடுப்பு தொடங்குகிறது. அப்படித் தொடங்க வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் முதலில் ஒரு புரதக் கூட்டம் போய்ப் பற்றிக்கொள்கிறது. அது அங்கே உட்கார்ந்தால்தான் அடுத்த இரண்டு புரதங்கள் வரும். அவை வந்தால்தான் நூலைப் பிரிக்கும் வளையம் நூலின்மேல் ஏறும். நேரம் வந்ததும் அந்த வளையம் முடுக்கப்படும், நூல் பிரியும். அப்புறம் இன்னொரு வளையம், நூலைச் சுற்றிக் கவ்விக்கொண்டு சறுக்கிப் போவது. எழுதுகிற புரதம், துண்டுகளை ஒட்டுகிற புரதம், இன்னும் எத்தனையோ புரதங்கள், தம் உடலில் உள்ள ஒரு சின்னக் கொக்கியை இந்த இரண்டாவது வளையத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கொக்கியை மட்டும் வெட்டிவிட்டால் புரதம் செத்துப்போகாது. அதன் திறமையும் குறையாது. கருவுக்குள் திரிந்துகொண்டே இருக்கும், வேலை நடக்கும் இடத்துக்கு வந்து சேராது.

"கேட்டயா, திறமை இருந்தாப் போறாது. கூப்பிடறதுக்கு ஆள் வேணும்" என்பார். இதைச் சொல்லும்போது பெரும்பாலும் என்னைத்தான் பார்ப்பார்.

இதெல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். புரதங்களுக்கு ஒளிரும் நிறம் ஏற்றி வைத்தால், வேலை நடக்கும் இடங்கள் புள்ளி புள்ளியாக ஒளிரும். வேலை தொடங்கிய புதிதில் கரு முழுக்க ரவை தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். நடுவில் அவை கருவின் ஓரமாகப் போய்ச் சேரும். முடியும் தறுவாயில் உளுந்து உளுந்தாகச் சில பெரிய திட்டுகள் மட்டும். எந்தப் புரதம் முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கண் எரியும்வரை பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

வாரம் ஒருநாள் எங்களில் ஒருவர் புதிதாக வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்து விளக்குவார். இரண்டாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, என் கூடப் படித்த ஒரு பையன் ஓர் அபூர்வ நோயைப் பற்றிச் சொன்னான். தொடங்கும் இடத்தைப் பற்றும் அந்த முதல் கூட்டத்திலோ, அதற்குப் பின் வருபவற்றிலோ கோளாறு இருந்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும்? திரையில் மூன்று வரி. குள்ளமான உடல். மிகச் சிறிய காதுகள். முழங்கால் சில்லு இல்லை. அறிவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

மேசைக்கு அடியில் என் கை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் பேசி முடித்ததும் நேரே அறைக்குப் போய்விட்டேன்.

ஓண லீவில் ஊருக்குப் போனபோது குமுளி பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்காவிடம் சொன்னேன். "அக்கா, ஒனக்கு இருக்குறதுக்கு ஒரு பேரு இருக்கு."

"பேரு ஏற்கெனவே நெறைய வச்சிருக்கானுவ. இது என்ன புதுப் பேரு?"

ஜீன், புரதம் என்று முடிந்தவரை சுலபமாகச் சொன்னேன். அம்மா வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அதுவரை பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப யாருட்ட இருந்து வந்துச்சு?"

"ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"பாரு. நான் வாரேன்."

"அக்கா, அங்க உள்ளவங்க ஒன்ன ஒரு மாதிரி பாப்பாங்க. தோல்ல துண்டு வெட்டி எடுப்பாங்க. போட்டோ எடுப்பாங்க."

"இங்க எப்படிட்டி பாக்கானுவ? அங்க பாத்தா யாருட்ட இருந்துன்னாவது தெரியும்ல."

கம்பம் இறங்கி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி அவள் தனியாகவே வந்தாள். நான் கூடத்துக்குப் பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். சுற்றிலும் வயல், நடவு முடிந்த நேரம். வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, கதவிடுக்கில் அக்காவின் முதுகைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கொளந்தைக்குப் பால் கொண்டாரட்டுங்களா?" என்றார்.

அக்கா திரும்பினாள். "கொளந்தைக்குப் பாலு பத்தாது. சாராயம் இருக்கா?"

அந்த அம்மா அன்றிலிருந்து மாடிக்கு வரவில்லை. வாடகையைக்கூட நான் கீழே போய்த்தான் கொடுத்தேன்.

மறுநாள் பேராசிரியை அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். எனக்கு அது அதிசயம். இரண்டு வருடத்தில் அவர் எனக்காக நாற்காலியிலிருந்து எழுந்ததில்லை. "வா கண்ணு, வா" என்று அக்காவின் தலையைத் தடவினார். என்னைவிட ஐந்து வயது மூத்தவள் தலையை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

காப்பி வந்தது. பேராசிரியை அக்காவின் காதை இரண்டு விரலால் பிடித்து மடக்கிப் பார்த்தார். முழங்காலை அழுத்தினார். அழுத்திக்கொண்டே என்னிடம் இங்கிலீஷில் பேசினார். "டெக்ஸ்ட் புக்கே நடந்து வந்தாப்பல இருக்கு" என்று மட்டும் தமிழில். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, அக்காவின் முன்கையில் மிளகு அளவு தோல் எடுத்தார். சம்மதத் தாளில் அக்கா ஒருவரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு போட்டோ.

"துணியோடயா, துணியில்லாமயா?" என்று அக்கா கேட்டாள்.

"உள்பாவாடை இருக்கட்டும். புடவையை மட்டும் அவுத்துடு. எலும்பு வாகு தெரியணுமோல்லியோ" என்றார் பேராசிரியை. நான் கதவருகில் நின்றேன். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு. சுவரில் அளவுகோல் ஒட்டியிருந்தது. அக்கா அவர் சொன்னபடியெல்லாம் திரும்பினாள்.  புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், "ஒன் டீச்சருக்குப் பிள்ள குட்டி உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்றாள்.

அக்காவின் தோலிலிருந்து செல்கள் வளர நாளானது. மற்றவர்களின் தோல் செல்கள் தட்டை நிறைத்துக்கொண்டு நின்றபோது இவை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. செத்தவை அல்ல. நல்ல செல்கள்தான், மெதுவானவை. நான் இரண்டு வகைச் செல்களையும் முதலில் பட்டினி போட்டு நிறுத்தி, பிறகு ஒரே நேரத்தில் உணவு கொடுத்து எழுப்பி, நிறம் ஏற்றிப் பார்த்தேன். சாதாரணச் செல்கள் ரவை தூவிக் கிடந்த அதே நேரத்தில், அக்காவின் செல்களில் பெரும்பாலானவை இருட்டாக இருந்தன. வளையங்கள் நூலில் கொஞ்சம்தான் ஏறியிருந்தன. அளந்து பார்த்தேன், எல்லாப் புரதங்களும் செல்லுக்குள் இருந்தன, குறைவில்லாமல் இருந்தன. முதல் கூட்டத்தில் ஒரு புரதம் மட்டும் தொடங்கும் இடத்தைச் சரியாகப் பற்றவில்லை. அது பற்றாததால் அடுத்தது வரவில்லை, அடுத்தது வராததால் அதற்கடுத்தது. ஒவ்வொரு செல்லும் பிரதியெடுக்கத் தாமதமாகத்தான் தொடங்கியது. அம்மா வயிற்றில் இருந்த முதல் நாளிலிருந்து அவள் உடம்பில் ஒவ்வொரு பிரிவிலும் இந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. உடம்பு வளர்ந்து முடிக்கிற வயது வந்தபோது, செய்து முடித்த செல்கள் குறைவு. அவ்வளவுதான் விஷயம். அதற்கு முப்பது வருடப் பேச்சு.

பேராசிரியை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "அடி சக்கை" என்றார். என் முதுகில் தட்டிக் கொடுத்தார். "உனக்கு அதிர்ஷ்டமாக்கும். ஒவ்வொருத்தர் இந்த மாதிரி ஒரு பேஷண்ட் கிடைக்காதான்னு உலகம் பூராத் தேடிண்டிருக்கா. உனக்கு ஆத்துலயே இருக்கு."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அடுத்த லீவில் அம்மா, அப்பா ரத்தம் எடுத்து வந்தேன். அப்பா கையை நீட்டமாட்டேன் என்றார். அக்காதான், "சுகரு பாக்கணுமாம்ப்பா, ஒங்களுக்கு நல்லதுக்குத்தான்" என்று நைச்சியமாகச் சொல்லி நீட்டவைத்தாள். ரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வந்தது. ஒரே ஜீனின் இரண்டு பிரதியிலும், ஒரே எழுத்தில், அக்காவுக்குப் பிழை. அம்மாவிடம் ஒரு பிரதியில் அந்தப் பிழை. அப்பாவிடம் ஒரு பிரதியில் அதே பிழை. நாலுக்கு ஒரு வாய்ப்பு. அக்கா மாட்டினாள், நான் தப்பினேன்.

போனில் சொன்னால் போதாது, நேரில் வந்து சொல் என்றாள் அக்கா. போனேன். சாயங்காலம், மழை விட்டிருந்தது. அப்பா கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்கு நேரே போட்டு ஏறி உட்கார்ந்தாள். "இப்ப சொல்லு" என்றாள்.

சொன்னேன். இரண்டு பேரிடமிருந்தும் வந்தது, யார்மேலும் தப்பில்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"அம்மைக்கு எங்கருந்து வந்துச்சு?"

"அவங்க அம்மா, இல்லன்னா அப்பா. ஆச்சியும் தாத்தாவும் இப்ப இல்ல. ஆனா அப்பாட்ட இருக்க அதே பிழைங்கறதால, அனேகமா ஆச்சி வழிதான்."

"ஆச்சி யாரு?"

 அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆச்சி அப்பாவின் உடன்பிறந்த அக்கா.

அக்கா அப்பாவின் பக்கம் குனிந்தாள். "கேட்டுச்சாப்பா? அம்மை வயித்துல எடமெல்லாம் நெறைய இருந்திருக்கு. மொத்தச் சரக்கும் ஒங்க ஊட்டுச் சரக்கு. ஒங்க ஊட்டுலருந்து அவளுக்குக் கொஞ்சம் குடுத்தீக, பெறவு நீங்களும் கொஞ்சம் குடுத்தீக. ரெண்டும் எனக்கு வந்துருச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். "இவ வளந்தாளே" என்றார்.

"அது சும்மா ஒரு சான்சுப்பா" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு கஞ்சித் தம்ளரோடு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தம்ளரைக் கட்டிலருகில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அது அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவர் இருமிக்கொண்டு கேட்கும்வரை யாரும் அதை நகர்த்தவில்லை.

அதற்குப் பிறகு அம்மா மாறினாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அக்காவைக் கூப்பிட்டு, "அந்தச் சங்கதிய இவுகளுக்குச் சொல்லு" என்பாள். அக்கா சொல்வாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுவை கூட்டிச் சொல்வாள். அப்பா அதே அறையில் கட்டிலில் கிடப்பார். எழுந்து போக மூச்சு இல்லை. விருந்தாளி சிரிக்கும்போது அம்மா சிரிப்பாள், எப்போதும் சிரித்த அதே சிரிப்பு. ஒருநாள் நான் இருக்கும்போதே அப்பா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும்மா. விட்டுரு."

அம்மா அவர் வாயைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னாள். "முப்பது வருசம் நான் கேட்டேன்லா? நீங்க இன்னும் ஒரு வருசங்கூடக் கேக்கல."

அவர் ஒரு வருடம் தாங்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். நெஞ்சுச் சளிதான் காரணம் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். அம்மா நன்றாக அழுதாள். அக்கா அழவில்லை.

இது நடந்து கொஞ்ச நாளில் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து சிலர் கூடத்தைப் பார்க்க வருகிறார்கள், எங்கள் வேலையைச் சொல்லப்போகிறார். "அவளையும் வரச்சொல்லு. நேரில பாத்தா அவாளுக்கு நன்னாப் புரியும். மரியாதையும் பண்ணின மாதிரி ஆச்சு."

மரியாதை என்ற சொல்லை நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் புதுப் புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள், பட்டுக்கரை போட்டது. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கால் தரையில் எட்டவில்லை. விளக்கு அணைந்தது. முதலில் புள்ளிகள், வளையங்கள், ரவை. பிறகு திரை முழுக்க அவள். உள்பாவாடையோடு, அளவுகோலுக்குப் பக்கத்தில். கண்ணை மட்டும் ஒரு கறுப்புப் பட்டை மறைத்திருந்தது. அந்தப் பட்டை யாருக்காக என்று தெரியவில்லை. அவள் அந்தத் திரைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அக்கறையாக முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். வந்தவர்களில் ஒருவர் ஏதோ கேட்டார். பேராசிரியை அக்காவைப் பார்த்து, "சித்த எழுந்து நில்லு கண்ணு" என்றார். அக்கா நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி நின்றாள். "கதவு வரைக்கும் நடந்து காமி." நடந்தாள். முழங்கால் சில்லு இல்லாத நடை கொஞ்சம் உதறும். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கைதட்டினார்கள்.

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அந்தப் பெரிய அறையில் ரத்தம் சொட்ட ஒருவராவது வெளியே போவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. அங்கே யார் பெண்டாட்டி ஓடிப்போனாள், யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத்தான் அவளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும், "எங்க வச்சிருக்க அத?" என்றாள். ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். வெதுவெதுப்பான பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். திரையில் பார்க்க ஸ்டூல்மேல் ஏறினாள்.

"உசுரோட இருக்கா?"

"இருக்கு."

"நான் செத்தாலும் இருக்குமா?"

"உறைய வச்சா ரொம்ப நாள் இருக்கும்."

விரலால் திரையைத் தொட்டாள். "கொன்னுரு" என்றாள்.

"அக்கா, இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு. சரியான ஜீன உள்ள விட்டா புரதமெல்லாம் ஒழுங்கா வந்து சேருதான்னு பாக்கணும். அதப் பாத்துட்டா முடிஞ்சுது."

"எழுந்து நில்லுன்னு அவ சொல்லுதா. இன்னும் கொஞ்சம் நில்லுன்னு நீ சொல்லுத."

அவளைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது, அவளுடைய செல்கள் இருந்த தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து பிளீச்சிங் கரைசல் ஊற்றினேன். இளஞ்சிவப்பாக இருந்த உணவு நீர் ஒரு கணத்தில் நிறமற்றுப் போனது. செல்கள் சுருண்டு, ஒட்டிய இடத்திலிருந்து பெயர்ந்து மிதந்தன. ஒவ்வொரு தட்டையும் நுண்ணோக்கியில் வைத்து, செத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கொட்டினேன்.

திங்கட்கிழமை நானே போய்ச் சொன்னேன். பேராசிரியை கோபப்படவில்லை. எழுந்து, கையுறை மாட்டிக்கொண்டு, என்னை நைட்ரஜன் தொட்டிக்குக் கூட்டிப்போனார். மூடியைத் திறந்து ஒரு சட்டத்தை உயர்த்தினார். வெள்ளைப் புகை இரண்டு பக்கமும் வழிந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு வரிசை முழுக்க அக்காவின் செல்கள் உறைந்து நின்றன. எனக்குத் தெரியாமல் முதல் மாதமே எடுத்து வைத்திருந்தார்.

"உன்ன நம்பி ஒண்ணையும் வைக்கப்படாதுன்னு நேக்கு அப்பவே தெரியும்" என்றார். "உங்க ஆட்களுக்கு ஒரு வேகம் வரும். அப்பறம் அழுவேள். அதுக்குத்தான் எடுத்து வச்சேன்." சட்டத்தை இறக்கி மூடினார். "நீ எலிச் செல்லே பண்ணு. அதுக்கு அக்கா கிடையாது."

அந்த வேலை, அன்று முதன்முதலில் நோயைப் பற்றிச் சொன்ன அதே பையனிடம் போனது. நல்ல பையன், என்னிடம் மன்னிப்புக் கேட்டான், வேலையையும் சுத்தமாகச் செய்தான். நான் எலிச் செல்களில் கொக்கி வெட்டிய புரதங்கள் திரிவதைப் பார்த்து, எழுதி, பட்டம் வாங்கினேன். இப்போது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வெளியில் ஒரு வீட்டில் எனக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தத்தை, அம்மா ஊரெல்லாம் சொல்லவைத்த கதையே முறித்தது. "அந்த ஊட்டு ரத்தம்" என்றார்களாம். எனக்கும் ஒரு பிரதியில் அந்தப் பிழை இருக்கிறதா இல்லையா என்று நான் இதுவரை பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை.

பையனின் ஆய்வு வெளிவந்தபோது ஒரே மூச்சில் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. சரியான ஜீனை உள்ளே விட்டதும், அக்காவின் செல்களில் முதல் கூட்டம் இடத்தைப் பற்றியது, வளையங்கள் ஏறின, மற்றவை வரிசையாக வந்து சேர்ந்தன. சாதாரணச் செல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே சொல்ல முடியாது.

அந்த லீவில் குமுளிக் கடைக்குப் போனேன். அக்கா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஏலக்காயைச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தாள். உறைந்து நின்றவற்றைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. என்னைப் பார்த்ததும் கேட்டாள். "அது செத்துருச்சுல்ல?"

"இல்லக்கா. நான் கொன்னது கொஞ்சம்தான். மேடம் உறைய வச்சிருந்தாங்க."

சல்லடை நிற்கவில்லை. "வளருதா?"

"வளருது. சரியான ஜீனைப் போட்டாங்க. இப்ப எல்லாரோட செல் மாதிரியே வளருது."

அவள் கை நின்றது. என்னை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அத எனக்குப் போட முடியுமா?"

"முடியாதுக்கா. தட்டுல மட்டுந்தான். ஒனக்கு இனிமே..."

"அப்ப எதுக்குட்டி வந்து சொன்ன?"

 வாசலில் ஒரு டூரிஸ்ட் குடும்பம் வந்து நின்றது. அந்த அம்மாள் அக்காவைப் பார்த்துவிட்டு, தன் மகளின் கையைப் பிடித்து மெதுவாக ஏதோ சொன்னாள். அக்கா சல்லடையை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"வாங்கம்மா. பெரிய காய் வேணுமா, சின்னது போதுமா?" என்றாள். என் பக்கம் அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை.